ஏரிக்குக் கரை, உரிமைக்கு அறம்: எட்மண்டு பர்க் பெருமகனார் வரலாறு

1785 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28 ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஆங்கிலப் பாராளுமன்றம் கூடியிருந்தது. உறுப்பினர் ஒருவர் எழுந்து நெடுநேரம் பேசினார். அவர் இந்திய மண்ணில் ஒருநாளும் கால் வைத்தவரல்லர். எனினும் அன்று அவர் எடுத்துரைத்த பொருள்களுள் ஒன்று நம் தமிழகத்து ஏரிகள். சென்னையை அடுத்துக் கும்பினியார் வசம் இருந்த ஜாகீர்ப் பகுதிக்குப் பார்னார்டு என்பார் வரைந்த நிலப்படத்தை அவர் தம் முன் விரித்து வைத்து, ஏரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருந்தார். அப்படத்தில் மட்டும் 1,100க்கு மேற்பட்ட ஏரிகள் இருந்தன. ஆற்காட்டு நவாபுக்கு உட்பட்ட கருநாடகச் சீமையிலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவையுமாக 10,000க்குக் குறையாத ஏரிகள் இருக்கவேண்டும் என்று அவர் கணக்கிட்டார்.

அவ்வேரிகளைக் கட்டியவர்களே மெய்யான மன்னர் என்பது அவர் கருத்து. தம் வாழ்நாள் முடிந்த பின்னும் தாம் கண்ணாற் காணப்போகாத மக்களுக்கு உணவும் நீரும் அளிக்க எண்ணிய தந்தையர் என்று அவர் அம்மன்னர்களைப் போற்றினார். நம் முன்னோருக்கு அயல்நாட்டு மன்றமொன்றில் கிடைத்த இப்புகழுரையை நம்மிற் பலர் அறியோம்.

அவ்வாறு பேசியவர்தாம் எட்மண்டு பர்க். அவர் உரிமைக்காக வாழ்நாள் முழுதும் வாதாடினார்; முன்னோர் வழியையும் திருச்சபையையும் அதே உறுதியுடன் போற்றினார். இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் எங்ஙனம் பொருந்தும் என்று அவர் காலத்தவரே ஐயுற்றனர். அப்பொருத்தத்தை இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

பர்க் 1729 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12 ஆம் நாள் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பிறந்தார். தந்தையார் ரிச்சர்டு வழக்கறிஞர். சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். தாயார் மேரி நேகிள் கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றியவர். ஆண்மக்கள் தந்தையின் சபையிலும் பெண்மகள் தாயின் சபையிலுமாக அவ்வில்லத்தில் வளர்ந்தனர்.

அந்நாளில் அயர்லாந்து மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை, பாராளுமன்றத்தில் இடமில்லை, அரசாங்க உத்தியோகம் இல்லை. நிலம் வாங்குவதற்கும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதற்குங்கூடச் சட்டம் தடை செய்திருந்தது. உடல்நலம் குன்றிய சிறுவன் எட்மண்டு, தாய்வழி உறவினரின் கிராமத்தில் சில ஆண்டுகள் வளர்ந்தான். சட்டம் என்னும் பெயராலேயே ஒரு மக்களினத்துக்குத் தீங்கிழைக்க முடியும் என்பதை ஏட்டில் படிக்கு முன்னரே அவன் கண்ணால் கண்டான்.

1741 இல் பாலிட்டோர் என்னும் சிற்றூரில் ஆபிரகாம் ஷேக்கிள்டன் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அவ்வாசிரியர் போரையும் ஆணையிடுதலையும் வெறுக்கும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த பக்திமான். இவ்வாறு தந்தையின் சபை, தாயின் சபை, ஆசிரியரின் சபை என மூவகைக் கிறிஸ்தவ நெறிகளின் நற்பண்புகளையும் பர்க் இளமையிலேயே கண்டறிந்தார். பிற்காலத்தில் பிறர் சமயத்தை இகழாத உள்ளம் அவர்க்கு வாய்த்தமைக்கு இதுவே அடிப்படை எனலாம்.

டப்ளின் டிரினிடி கல்லூரியில் பட்டம் பெற்று, 1750 இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். சட்டப் படிப்பில் மனம் பற்றவில்லை. எழுத்தை நாடினார். தந்தையார் சினந்தார். 1757 இல் அழகுணர்ச்சியைப் பற்றிய அவரது நூல் வெளிவந்து புகழ் தேடித்தந்தது. அவ்வாண்டிலேயே கத்தோலிக்க மருத்துவர் ஒருவரின் மகளாகிய ஜேன் நூஜென்டு அம்மையாரை மணந்தார். டாக்டர் ஜான்சன், கோல்டுஸ்மித், ஓவியர் ரெனால்ட்ஸ் முதலிய அறிஞர்கள் 1764 இல் நிறுவிய இலக்கியக் கழகத்தில் இவரும் ஒருவர்.

அமெரிக்கர் வழக்கு

1765 இல் பிரதமரான ராக்கிங்ஹாம் பிரபுவுக்குப் பர்க் அந்தரங்கச் செயலாளரானார். அவ்வாண்டு முடிவில் பாராளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். செல்வமோ குலப்பெருமையோ இல்லாத அயர்லாந்துக்காரர் அம்மன்றில் தலையெடுத்தது நாவன்மையாலும் உழைப்பாலுமே ஆகும்.

அக்காலத்தில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின்மீது அவற்றின் இசைவின்றியே ஆங்கில அரசு வரி விதித்தது. வரி விதிக்க அரசுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்னும் கேள்வியையே எல்லாரும் விவாதித்தனர். பர்க் வேறு கேள்வியை எழுப்பினார். அதிகாரம் இருப்பினும் அதைச் செலுத்துதல் நியாயமா, விவேகமா என்று கேட்டார். அமெரிக்கர் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1215 இல் மன்னன் ஜானிடம் பெற்ற மகாசாசனம் முதல் 1689 ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் வரை ஆங்கிலேயர் வழிவழியாகப் பெற்ற பிதிரார்ச்சிதத்தையே கேட்கின்றனர் என்பது அவர் வாதம். அம்மக்கள் சமயக் கட்டாயத்துக்கு அஞ்சிக் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள். மனச்சான்றின் உரிமையைப் போற்றும் சமயமே அவர்களை உரிமை வேட்கையுடையோராக்கியது என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

1775 மார்ச் 22 இல் அவர் கொண்டுவந்த சமரசத் திட்டத்துக்கு 78 பேரே ஆதரவளித்தனர். 270 பேர் எதிர்த்தனர். அடுத்த மாதமே அமெரிக்காவில் போர் மூண்டது. பின்னர் இங்கிலாந்து அக்குடியேற்ற நாடுகளை அடியோடு இழந்தது.

பதவியினும் பெரிது மனச்சான்று

1774 இல் பிரிஸ்டல் என்னும் பெரிய துறைமுகநகர் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வெற்றி விழாவிலேயே அவர் வாக்காளருக்கு ஓர் உண்மையை உரைத்தார். மக்களின் நலனுக்காகத் தம் உறக்கத்தையும் ஓய்வையும் விட்டுக்கொடுக்கத் தாம் கடமைப்பட்டவர் என்றும், ஆனால் இறைவன் தமக்களித்த அறிவையும் மனச்சான்றையும் எவர்க்கும் விட்டுக்கொடுப்பதற்கில்லை என்றும் கூறினார்.

சொன்னபடியே நடந்தார். அயர்லாந்தின் வாணிகத்துக்கு விதித்திருந்த தடைகளை நீக்கவும், கத்தோலிக்கரின் துன்பங்களைக் குறைக்கவும், கடனாளிகளைச் சிறையில் வாட்டும் கொடுமையைத் தணிக்கவும் துணை நின்றார். பிரிஸ்டல் வணிகருக்கு இவை பிடிக்கவில்லை. 1780 தேர்தலில் தமக்கு வெற்றி கிட்டாதென அறிந்து பர்க் அங்கே போட்டியினின்று விலகினார். அவ்வாண்டிலேயே இலண்டனில் கத்தோலிக்கருக்கு எதிராகக் கலகம் மூண்டபோது அவர் வீடும் தாக்கப்படும் என்னும் அச்சம் எழுந்தது. அவரோ அஞ்சாமல் கூட்டத்தினூடே வெளிப்படையாக நடந்து சென்றார்.

ஆற்காட்டுக் கடனும் தஞ்சையின் துயரும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி சென்னையிலிருந்த கும்பினி உத்தியோகஸ்தரிடம் கடுவட்டிக்குக் கடன் வாங்கிக் குவித்தார். அக்கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது குடியானவன் செலுத்தும் நிலவரியே ஆகும். சொற்பச் சம்பளம் பெற்ற உத்தியோகஸ்தர்கள் இலட்சக்கணக்கில் கடன் கொடுத்ததாகக் கணக்குக் காட்டினர். அவர்களுள் தலையாயவர் பால் பென்ஃபீல்டு. தஞ்சையின் வளத்தின்மீதும் அவர்கள் கண் சென்றது. 1773 இல் கும்பினிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது. 1776 இல் ஆளுநர் பிகட் பிரபு அதனை மீட்டுத் துளஜா மன்னரிடம் அளித்தார். அதே ஆண்டில் அவருடைய ஆலோசனைச் சபையினரே அவரைச் சிறைப்படுத்தினர். 1777 இல் அவர் காவலிலேயே இறந்தார்.

1780 இல் ஹைதர் அலியின் படை கணவாய்களைக் கடந்து இறங்கியது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, பசியாலும் மக்கள் மாண்டனர். இத்துணைக்கும் பின்னர், 1784 இல் இலண்டனில் அமைந்த கட்டுப்பாட்டு வாரியம், கடன்கள் மெய்யா பொய்யா என்று ஆராயாமலே, கருநாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன் கடன்காரர்க்கு அளிக்கும்படி ஆணையிட்டது.

பர்க் வெகுண்டெழுந்து பேசியது இந்த ஆணையை எதிர்த்துத்தான். ஏரி தூர்ந்தால் வயலில்லை, வயலில்லையேல் வரியுமில்லை. ஏரியைச் செப்பனிடச் செல்லவேண்டிய பணம் வட்டிக்காரனின் பெட்டிக்குச் செல்லுமாயின், மன்னர்கள் பல தலைமுறைக்கு விட்டுச்சென்ற செல்வத்தை ஒரு தலைமுறையே சூறையாடியதாகும். அம்மன்றில் அன்று அவர் தோற்றார். ஆயினும் அவர் கூற்றின் உண்மை பிற்காலத்தில் வெளியாயிற்று. கருநாடகக் கடன் பற்றி 1805 இல் நியமிக்கப்பட்ட ஆணையாளர்கள் 3 கோடிப் பவுனுக்கு மேற்பட்ட புதிய கோரிக்கைகளை ஆராய்ந்து, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதையே மெய்க்கடன் என ஏற்றனர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் முறை. பர்க்கின் உறவினர் எனக் கருதப்பட்ட வில்லியம் பர்க், தஞ்சை மன்னரின் பிரதிநிதியாக இலண்டனில் பணியாற்றியவர். கும்பினிப் பங்குகளில் பணம் போட்டு 1769 இல் பெருநட்டம் அடைந்த குடும்பம் அது. 1773 இல் கும்பினியின் காரியங்களில் அரசு தலையிடுவதைப் பர்க்கே எதிர்த்தும் இருக்கிறார். எதிரிகள் இவற்றைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. ஆனால் 1781 முதல் இந்திய ஆவணங்களை அவர் ஆண்டுக்கணக்கில் பயின்றார். பயின்றபின் மனம் மாறினார். அதன்பின் அவர் எடுத்த முயற்சியால் அவருக்கு வந்தது பகையும் பழியுமேயன்றி இலாபமன்று.

ஹேஸ்டிங்ஸ் விசாரணை

வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது பாராளுமன்றம் குற்றம் சாட்டியது. 1788 பிப்ரவரி 13 இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. பர்க் நான்கு நாட்கள் தொடக்கவுரை ஆற்றினார். காசி மன்னர் சேத் சிங்குக்கு நேர்ந்த கொடுமையும், அயோத்திப் பேகங்களின் பொருள் பறிக்கப்பட்டதும் குற்றச்சாட்டுகளுள் முக்கியமானவை.

கீழ்நாட்டில் வரம்பற்ற அதிகாரமே வழக்கம் என்பது ஹேஸ்டிங்ஸ் தரப்பு வாதம். பர்க் அதை மறுத்தார். குர்ஆன் வழிவந்த சட்டமும், இந்துக்களின் தருமநூல்களும், தைமூரின் விதிமுறைகளுங்கூட மன்னனைக் கட்டுப்படுத்துவன என்று எடுத்துக்காட்டினார். வரம்பற்ற அதிகாரத்தை எவனும் கொடுக்கவும் முடியாது, கொள்ளவும் முடியாது. ஏனெனில் மனிதர் அனைவரும் பிறக்கு முன்னரே இறைவனின் நீதிக்கு உட்பட்டவர்கள் என்றார். கடலைக் கடந்தவுடன் நன்மை தீமை மாறிவிடும் என்னும் எண்ணத்தை அவர் அறவே வெறுத்தார். இலண்டனில் பாவமாவது கல்கத்தாவிலும் பாவமே.

விசாரணை ஏழாண்டுகள் நீண்டது. பர்க்கின் கடுஞ்சொல் சிற்சில வேளைகளில் எல்லை மீறிற்று. நந்தகுமாரை ஹேஸ்டிங்ஸ் கொன்றார் என்று சொன்னமைக்காக 1789 இல் பாராளுமன்றமே அவரைக் கண்டித்தது. ஹேஸ்டிங்ஸ் முற்றும் தீயவரும் அல்லர். கல்கத்தா மதரஸாவை நிறுவியவர். பகவத் கீதை 1785 இல் ஆங்கிலத்தில் அச்சாவதற்கு ஆதரவளித்தவர். 1795 ஏப்ரல் 23 இல் பிரபுக்கள் சபை அவரை விடுதலை செய்தது. ஆங்கிலேயர் ஆட்சி நீங்கவேண்டும் என்று பர்க்கும் கேட்டவரல்லர். அவ்வாட்சி 1947 வரை நீடித்தது. ஆயினும் ஆளப்படும் அயல்நாட்டுக் குடிமகனுக்கும் ஆள்வோர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை உலகறிய நிலைநாட்ட முயன்றவர் அவரே.

பிரெஞ்சுப் புரட்சி

1789 இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. உரிமை, சமத்துவம், சகோதரத்துவம் என்னும் முழக்கம் ஐரோப்பாவை மகிழ்ச்சியில் ஆழ்த்தியது. அமெரிக்கருக்காக வாதாடிய பர்க் இதனையும் வாழ்த்துவார் என்றே நண்பர்கள் எதிர்பார்த்தனர். 1790 நவம்பரில் அவர் வெளியிட்ட நூல் அவர்களைத் திடுக்கிடச் செய்தது.

மனிதன் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவன். ஆதலின் அவனுக்கு உரிமை உண்டு. அவனே பாவத்தில் விழுந்தவன். ஆதலின் அவனுக்குக் கட்டுப்பாடும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மறந்தாலும் கேடே விளையும் என்பது கிறிஸ்தவ மரபு. பர்க்கின் அரசியல் இம்மரபில் வேரூன்றியது. தன் ஆசைகளுக்குத் தானே தளையிடத் தெரிந்த மக்களுக்கே உரிமை நிலைக்கும். உள்ளே கட்டுப்பாடு குறையுமளவு வெளியே கட்டுப்பாடு வந்தே தீரும் என்று அவர் எழுதினார். சமுதாயம் என்பது இன்று வாழ்வோர் மட்டும் செய்துகொண்ட ஒப்பந்தமன்று. இறந்தோரும், வாழ்வோரும், இனிப் பிறப்போரும் பங்காளிகளாகிய உறவு என்றார். சென்னைச் சீமையின் ஏரிகளைப் பற்றி ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் சொன்ன கருத்தும் இதுவே என்பதைக் கூர்ந்து நோக்குக.

பிரான்சில் திருச்சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்து, அவற்றின் பேரில் காகித நாணயம் அச்சிட்டனர். பழைய சட்டங்கள் அனைத்தையும் ஒருங்கே அழித்தனர். பழுதுபட்ட வீட்டைச் செப்பனிடுவதே அறிவுடைமை. அடித்தளத்தோடு இடிப்பவன் மழையில் நிற்பான் என்பது பர்க்கின் எண்ணம். இரத்தம் சிந்தப்படும் என்றும், முடிவில் படைத்தலைவன் ஒருவன் எல்லாரையும் அடக்கி ஆள்வான் என்றும் அவர் முன்னறிந்து எழுதினார். 1793 இல் மன்னன் கொல்லப்பட்டான், பயங்கர ஆட்சி தொடர்ந்தது, பல்லாயிரவர் மாண்டனர். 1799 இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினான்.

பர்க்கை மறுத்துத் தாமஸ் பெயின் எழுதிய நூல் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. ஏழையின் துயரைப் பர்க் காணவில்லை என்னும் அவர் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. மேற்குடியினரின் ஆட்சியைப் பர்க் அளவுக்கு மீறி நம்பினார். வாக்குரிமையை விரிவாக்குவதை எதிர்த்தார். வேறு சபைக் கிறிஸ்தவர்மீதிருந்த தடையை நீக்கும் தீர்மானத்தை 1790 இல் எதிர்த்தமையும் அவர் குறையே. ஆயினும் அதே பெயின், பிரான்சு சென்று புரட்சிச் சபையில் அமர்ந்து, மன்னனைக் கொல்லவேண்டாம் எனச் சொன்னமையால் ஐயத்துக்கு ஆளாகி, 1793 டிசம்பரில் அப்புரட்சியாளராலேயே சிறையிடப்பட்டார் என்பதும் வரலாறு.

இறுதி நாட்கள்

இக்கொள்கைக்காகப் பர்க் கொடுத்த விலை பெரிது. கால் நூற்றாண்டு நண்பராகிய ஃபாக்ஸ் புரட்சியை ஆதரித்தார். 1791 மே 6 இல் பாராளுமன்றத்திலேயே நட்பு முறிந்ததாகப் பர்க் அறிவித்தார். ஃபாக்ஸ் கண்ணீர் விட்டு அழுதார். 1794 ஆகஸ்டில் ஒரே மகன் ரிச்சர்டு இறந்தான். தம் பெயரையும் பணியையும் தொடர்வான் என எண்ணியிருந்த தந்தையின் உள்ளம் உடைந்தது.

அந்நிலையிலும் அவர் கை ஓயவில்லை. அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு 1793 இல் வாக்குரிமை கிடைத்ததைக் கண்டு மகிழ்ந்தார். பிரான்சிலிருந்து அடைக்கலம் புகுந்தோரின் பிள்ளைகளுக்காக 1796 இல் தம் ஊருக்கு அருகே ஒரு பள்ளி அமைத்தார். மரணப் படுக்கையில் இருந்தபோது ஃபாக்ஸ் காண விரும்பினார். கொள்கைக்காகப் பிரிந்த பின் சந்தித்தால் தம் கூற்றின் உண்மையை உலகம் ஐயுறும் எனக் கருதி, பர்க் மனைவியார் வாயிலாக அன்புடன் மறுத்துவிட்டார். 1797 ஜூலை 9 இல் பீக்கன்ஸ்ஃபீல்டு ஊரில் காலமானார். ஆடம்பரமின்றி அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் மரணசாசனம். மகன் துயிலும் அவ்வூர்த் தேவாலயத்திலேயே அவரும் அடக்கம் பெற்றார்.

நாம் கொள்ளத்தக்கது

அமெரிக்கச் சமரசத்தில் தோல்வி, பிரிஸ்டலில் தோல்வி, ஆற்காட்டுக் கடன் விவாதத்தில் தோல்வி, ஹேஸ்டிங்ஸ் வழக்கில் தோல்வி. உலகக் கணக்கின்படி பர்க் தோற்றவரே. ஆனால் வென்றவர் பலரின் பெயர் மறைந்தது. தோற்றவர் சொல் நிலைத்தது. அயர்லாந்துக் கத்தோலிக்கன், அமெரிக்கன், தஞ்சைக் குடியானவன், அயோத்திப் பேகம், பிரெஞ்சு அகதி ஆகிய யாவருக்காகவும் அவர் பேசியது ஒரே பேச்சு. பறித்தவன் மன்னனாயினும், வணிகனாயினும், மக்கள் கூட்டமாயினும் பறித்தல் பாவமே என்பது அப்பேச்சின் சாரம்.

கரையில்லாத நீர் ஏரியாகாது. பெய்தபொழுது ஊரை அழிக்கும். கோடையில் ஒரு சொட்டும் மிஞ்சாது. உரிமையும் அத்தகையதே. தெய்வபயமும், சட்டமும், முன்னோர் வழக்கமும் அதற்குக் கரைகள். எனினும் கரை இருந்தால் மட்டும் போதாது, தூரெடுத்தலும் வேண்டும். நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஆண்டுதோறும் ஊரார் கூடிக் கரையை உயர்த்தி வாய்க்காலைச் செப்பனிட்டதைப் பெரியோர் அறிவர். பழையது என்பதற்காகத் தூர்ந்த வாய்க்காலை வணங்குதலும் தவறு. தூர்ந்தது என்பதற்காகக் கரையை உடைத்தலும் தவறு.

பிழைப்பு நாடி வேற்று மாநிலம் வந்து வாழும் நமக்கு முன்னோரின் ஏரிக்கரை தொலைவிலுள்ளது. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற மொழியும், வழிபாடும், அண்டை வீட்டாரோடு இணங்கி வாழும் பண்பும் நம்முடனேயே இரயிலேறி வந்தன. கிறிஸ்துவை வழிபடும் அடியேனுக்கும், திருமாலையும் சிவனையும் முருகனையும் வழிபடும் அண்டை வீட்டாருக்கும் அவை பொதுச் சொத்து. அவற்றைப் பெற்றவண்ணமே, இயன்றால் சிறிது செப்பனிட்டும், நம் பிள்ளைகள் கையில் ஒப்படைப்பது நம் கடமை. அதற்கு வேண்டிய அறிவையும் உறுதியையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.